உபதேசியார் கொல்லையில் ரோமாபுரி

டாக்டர் பங்கிராஸ் கிரேக்கப் பானைகளைப் பற்றி ஐந்து வருஷம் பாடம் நடத்தினார். அந்த ஐந்து வருஷத்தில் ஒரு மாணவனாவது ஒரு கிரேக்கப் பானையைக் கையால் தொட்டிருப்பானா என்றால், கிடையாது. பல்கலைக்கழகத்தில் படம் காட்டுகிற மெஷின் ஒன்று இருந்தது. அதில் பல்பு போய்விட்டது. பல்பு போன பிறகும் ஜன்னலையெல்லாம் சாத்தி இருட்டாக்கிக்கொண்டுதான் பாடம். அவர் காற்றிலே பானையின் கழுத்தை வளைத்துக் காட்டுவார், வயிற்றை உருட்டிக் காட்டுவார். மூன்று மாணவர்கள் அந்த இருட்டில் தட்டுத்தடுமாறி எழுதிக்கொள்வார்கள்.

இதைச் சொன்னவள் அவருடைய மனைவி அருள்ராணி. கேட்டவள் அவருடைய அக்கா வியாகுலமேரி. கேட்ட இடம், ஆவூருக்குத் தெற்கே சம்மனசூர் என்கிற சின்னக் கிராமத்தில் வியாகுலமேரியின் அடுப்படி.

"பானையைக் காட்டாமலா பாடம் சொல்றான்?"

"அவங்க இத்தாலியில பார்த்திருக்காங்க, அண்ணி."

"நான் திருச்சியில ஏரோப்பிளேன் பார்த்திருக்கேன். ஓட்டச் சொல்லித் தரட்டுமா?"

அருள்ராணி சிரித்தாள். புருஷனைப் பற்றிச் சிரிக்க அவளுக்கு மெட்ராஸில் இடம் கிடையாது. அதற்காகவே வருஷம் ஒரு தடவை, ஈஸ்டரை ஒட்டி நடக்கிற பாஸ்காத் திருவிழாவுக்கு இங்கே வருகிறாளோ என்று வியாகுலத்துக்குச் சந்தேகம் உண்டு.

பங்கிராஸ் படித்த கதையும் நேரான கதை இல்லை. வீட்டுக்கு ஒரு சாமியார் வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டுப் பன்னிரண்டு வயசில் அவரைக் குருமடத்தில் சேர்த்தார். ஊரே மேளத்தோடு போய் விட்டுவிட்டு வந்தது. அங்கே லத்தீனை நன்றாகப் பிடித்துக்கொண்டார். சாமியை அவ்வளவாகப் பிடித்துக்கொள்ளவில்லை. குருப்பட்டம் வாங்க இரண்டு வருஷம் இருக்கும்போது டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்து நின்றார்.

"இப்ப என்ன செய்யப்போற?" என்று அப்பா கேட்டார்.

"எனக்கு லத்தீன் தெரியும்ப்பா."

"அதை வச்சுக்கிட்டு என்ன ஏர் ஓட்டவா முடியும்?"

ஏர் ஓட்ட முடியாது, ஆனால் கப்பல் ஏற முடியும் என்று அவர் காட்டிவிட்டார். லத்தீன் தெரிந்த இந்தியன் என்று எவனோ உபகாரச் சம்பளம் கொடுத்தான். நாற்பத்தெட்டில் கப்பல் ஏறினார். இத்தாலியில் ஒரு பெரிய அகழாய்வுக் குழியின் கரையில் உட்கார்ந்து, மற்றவர்கள் தோண்டி எடுத்த பானை ஓடுகளையெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். திரும்பி வரும்போது டாக்டர். கிரேக்கம், ரோமாபுரி ரெண்டுக்கும் தென்னாட்டில் நானே அதாரிட்டி என்று சொல்லிக்கொண்டார். மறுத்துச் சொல்ல வேறு ஆள் இல்லாததால் அது உண்மையாகவும் இருந்தது.

ஐம்பத்தெட்டில் அவருடைய துறையில் புரொபசர் நாற்காலி காலியானது. போட்டிக்கு வந்தவர் கல்வெட்டுக்காரர். குடுமியான்மலையும் குன்றாண்டார்கோவிலும் அலைந்து, மலை மலையாக ஏறி, கறுத்துப்போன மனுஷர். எழுதிக் குவித்திருந்தார். பங்கிராஸிடம் கையில் காட்ட ஒன்றும் இல்லை. ரோமாபுரிக்கு இன்னொரு தரம் போக வழியில்லை. ரோமாபுரி இங்கே வந்தால்தான் உண்டு.

வந்தது. அக்காவின் கொல்லைக்கே வந்தது.

வியாகுலத்துக்குச் சொத்து என்று இருந்தது கோயிலுக்குப் பின்னால் கிடந்த அந்தக் கொல்லை ஒன்றுதான். தாத்தா அந்தக் காலத்தில் உபதேசியார். சாமியார் மாசம் ஒரு தரம் குதிரையில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார்; மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாவுக்கு மந்திரம் சொல்வது, கோயில் சாமானைக் காப்பது எல்லாம் தாத்தாதான். அதனால் உபதேசியார் கொல்லை என்றே பேர். புருஷன் போன பிறகு வியாகுலம் அதில் கேழ்வரகும் கடலையும் போட்டுத் தன் சோற்றைத் தானே தின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக மழை இல்லை, பழைய கிணறு தூர்ந்துவிட்டது. புதுக் கிணறு வெட்டினால் கொல்லை நிற்கும். இல்லையென்றால் அதை எவனிடமாவது கொடுத்துவிட்டு மெட்ராஸில் தம்பி வீட்டு மாடிப்படிக்கடியில் ஒரு பாயை விரிக்க வேண்டியதுதான். அந்தப் பாயை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

ஆகவே பாஸ்காவுக்கு முந்தின வாரம், கிணறு வெட்டுகிற சேவுகனைக் கூட்டி வந்து கோயில் சுவரை ஒட்டின மூலையில் வேலையைத் தொடங்கினாள். இடுப்பளவு ஆழம் போனதும் சேவுகன் மண்வெட்டியை நிறுத்தினான்.

"ஆத்தா, சாடி ஒடஞ்சு கெடக்கு. சங்கிலி மாதிரி ஒண்ணும் கெடக்கு."

வியாகுலம் எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அடடா, அது இங்கிட்டுத்தானா இருந்துச்சு! காலு படாம மெதுவா எடுத்து வையி சேவுகா. மந்திரிச்ச சாமான்."

சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்த பொருள் உடைந்துபோனால் குப்பையில் போடக்கூடாது, விற்கக்கூடாது, வேறு எதற்கும் புழங்கக்கூடாது. கால் படாத மண்ணில் புதைத்துவிட வேண்டும். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீட்டில் ஜெபமாலை அறுந்தால்கூட அப்படித்தான். கோயில் சாமான் என்றால் கேட்கவே வேண்டாம். தாத்தா காலத்தில் உடைந்ததையெல்லாம் உபதேசியார் கொல்லையில்தான் புதைத்தார்கள். சாமியாரிடம் சொல்லிக் கல்லறைத் தோட்டத்தில் மறுபடி புதைத்துவிடலாம் என்று வியாகுலம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே திருவிழாவுக்குத் தம்பி வந்து இறங்கினார். குழியைப் பார்த்தார். சாடி ஓட்டைத் தூக்கினார். தடித்த வெளிநாட்டுச் சாடி. தோளில் நாலு லத்தீன் எழுத்து அச்சுக் குத்தியிருந்தது.

"அக்கா! கிணத்து வேலையை நிறுத்து!"

"ஏன்டா?"

"ரோமானியச் சாடி அக்கா இது. மதுச்சாடி. இந்த நாலு எழுத்தும் ஒரு வியாபாரியோட பேரு. சங்கிலி, ரோமாபுரி விளக்குச் சங்கிலி. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால மீமிசல் கரையில கப்பல்ல வந்து இறங்கி, இங்கிட்டு வந்து தங்கியிருக்காங்க!"

"மீமிசல்ல இறங்குனவன் மீன் வாங்கிக்கிட்டுப் போகாம இந்தப் பொட்டக்காட்டுக்கு எதுக்குடா வர்றான்?"

பங்கிராஸ் அதற்குள் சேவுகனைக் கூப்பிட்டு, முளை அடித்துக் கயிறு கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாகுலம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் போனாள். "டேய், இங்க பாரு. சங்கிலி தூபக்கலசத்துச் சங்கிலி. சாடி கோயில் தீர்த்தச் சாடி. முதல்ல வந்த சாமியாருங்க எந்தக் கப்பல்லயோ கொண்டாந்தது. அதை ஒடச்சது யாரு தெரியுமா?"

"யாரு?"

"நீ! பூசைக்கு உதவி செய்யப் போனவன் வேடிக்கை பார்த்துக்கிட்டே கீழ போட்டே. தாத்தா புளிய விளாறை எடுத்தாரு. மறந்துபோச்சா?"

பங்கிராஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒடச்சது வேற சாடி."

"கோயில்ல மொத்தம் எத்தனை சாடிடா இருந்துச்சு?"

கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார்.

"அக்கா, நீ சொல்றது வீட்டுக் கதை. நான் சொல்றது விஞ்ஞானம். மண்ணு அடுக்கு அடுக்கா இருக்கும். எந்த அடுக்குல எது இருக்குன்னு பார்த்துக் காலத்தைச் சொல்லணும். ஒனக்கு மண்ணடுக்கு தெரியாது."

"எனக்கு மண்ணடுக்கு தெரியாது. ஒன்னைத் தெரியும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டுத்தான் அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். இந்த இடத்தைச் சர்க்கார் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கும். கம்பி வேலி வரும். கிணறு என்ன, இனிமேல் அதில் ஒரு முருங்கைக் குச்சி ஊன்றவும் அனுமதி கேட்க வேண்டும். இத்தாலியிலிருந்து ஒரு புரொபசர் மெட்ராஸ் வந்திருக்கிறார். அடுத்த மாசம் வந்து பார்ப்பார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அப்ப நான் எங்கடா போறது?"

"ஏன், எங்க வீடு இல்லையா? மாடிப்படிக்கடியில ஃபேன் போட்டுத் தர்றேன்."

வியாகுலம் நேரே கோயில் சாமியாரிடம் போனாள். "சாமி, இது மந்திரிச்ச சாமான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சாமியார் இளவயசுக்காரர், நல்லவர், பயந்தவர். "டாக்டர் எங்களுக்கெல்லாம் பெரியவரான ஆயர் வீட்டுல ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுறவரும்மா. நான் போய் அவருக்கு எதிரா பேசினா நல்லாயிருக்குமா?"

"தீர்த்தச் சாடியில ரோமாக்காரன் சாராயம் குடிச்சான்னு சொல்றானே, அது நல்லாயிருக்கா?"

"நீங்க சாமான் திரும்பிவந்தா கொண்டாங்கம்மா. புதைக்கிற ஜெபத்தை நான் சொல்றேன்."

அதுவரைக்கும்தான் அவருடைய தைரியம்.

ஒரு மாசம் சேவுகன் சும்மா வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போனான். இன்னொரு ஊரில் வேலை கூப்பிடுகிறார்கள் என்றான். கொஞ்சம் பொறு என்றாள் வியாகுலம். தம்பியோ குழியை அகலமாக்கி, ஓரங்களைக் கத்தியால் சீவி, நிழலுக்குப் பந்தல் போட்டு, மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, சாடி ஓடுகளையும் சங்கிலியையும் பருத்திப் பஞ்சின் மேல் படுக்க வைத்தார். கோயில் நற்கருணைப் பெட்டிக்குக்கூட அவ்வளவு மரியாதை நடந்ததில்லை.

அந்த நாள் வந்தது. இரண்டு கார். ஒன்றில் இத்தாலிக்காரர், புரொபசர் கவல்லி; கட்டையான ஆள், தலையில் வைக்கோல் தொப்பி, வெயிலில் தக்காளிப் பழம் மாதிரி முகம். இன்னொன்றில் பல்கலைக்கழக ரிஜிஸ்திரார். அவர் கதர் ஜிப்பாவும் மேல்துண்டுமாக, காரை விட்டு இறங்கும்போதே உட்கார நாற்காலி தேடினார். ரோமாபுரி, கிரேக்கம் எதுவும் அவருக்குச் சம்பந்தமில்லை. யாரைப் புரொபசர் ஆக்குவது என்கிற கமிட்டியில் மட்டும் அவருக்குச் சம்பந்தம் உண்டு.

பங்கிராஸ் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் பேசினார். அருள்ராணி எலுமிச்சம்பழத் தண்ணீர் கொடுத்தாள். ரிஜிஸ்திரார் அதைக் குடித்துவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். வியாகுலம் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பந்தல்காலில் சாய்ந்து நின்றாள். தம்பி மூச்சு விட்ட நேரம் பார்த்து உள்ளே வந்தாள்.

"ஐயா, நான் இந்தக் கொல்லைக்காரி. இவன் கூடப்பொறந்தவ. இது ரோமாபுரிச் சாடி இல்லைங்க. எங்க கோயில் தீர்த்தச் சாடி. ஒடஞ்சுபோச்சுன்னு எங்க தாத்தா புதைச்சு வச்சாரு. மந்திரிச்ச பொருளை இப்படி மேசையில பரப்பி வச்சு வேடிக்கை பார்க்கிறது பாவம். எனக்குக் கிணறு வெட்டணும். அவ்வளவுதாங்க."

இத்தாலிக்காரர் பங்கிராஸைப் பார்த்தார். பங்கிராஸ் இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார். இத்தாலிக்காரர் வியாகுலத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிப் புன்னகை செய்தார்.

"ஏன்டா, நான் இம்புட்டு நீளமாச் சொன்னேன். நீ அம்புட்டுச் சின்னதாச் சொல்ற?"

"இங்கிலீஷ் சுருக்கமான பாஷை அக்கா."

அவள் அருள்ராணி பக்கம் திரும்பினாள். "என்ன சொன்னான்?"

அருள்ராணி டம்ளர்களைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள். "நீங்க வந்ததுல அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம், மதியம் கோழி அடிக்கட்டுமான்னு கேக்குறா... அப்படின்னாங்க."

வியாகுலத்துக்குக் காது இரண்டும் சுட்டது. இங்கிலீஷ் அவளுக்கு வராது. தம்பியின் வாயைத் தாண்டி அந்த வெள்ளைக்காரனிடம் போக வழியில்லை. ஆனால் அவன் எந்த ஊர்க்காரன்? ரோமாபுரிக்காரன். ரோமாபுரிக்காரன் பூசை எந்தப் பாஷையில் கேட்பான்?

மேஜைக்குப் போனாள். தம்பி "அக்கா, தொடாதே!" என்பதற்குள் சாடியின் குழிந்த அடிப்பக்கத்து ஓடு ஒன்றைக் கையில் எடுத்தாள். பக்கத்துச் செம்பிலிருந்து அதில் தண்ணீரை ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசைக்கு முன்னால் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே கோயிலைச் சுற்றி வருவாரே, அந்த நடையில் இரண்டு அடி எடுத்து வைத்தாள். அப்போது பாடுகிற லத்தீன் பாட்டின் முதல் அடியை, சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமானதை, அர்த்தம் ஒரு சொல்லும் தெரியாமல், ராகம் ஒரு இம்மி பிசகாமல் எடுத்தாள். எடுத்துக்கொண்டே எதிரில் இருந்தவர்கள் மேல் தண்ணீரைத் தெளித்தாள். அது பட்டுத்தான் ரிஜிஸ்திரார் கண் விழித்தார்.

புரொபசர் கவல்லி எழுந்து நின்றுவிட்டார். தொப்பி தானாகக் கைக்கு வந்தது. நெற்றியில் தண்ணீர் பட்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். வாயைத் திறந்து இரண்டாவது அடியைப் பாடினார். மூன்றாவதை இரண்டு பேருமாகப் பாடினார்கள். புகையிலையில் காய்ந்த குரல் ஒன்றும் கல்லறை மந்திரத்துக்குப் பழகின குரல் ஒன்றும் சேர்ந்து, சம்மனசூர்ப் பொட்டலில் போட்ட பந்தலுக்குள் பெரிய பூசை நடந்தது.

பாட்டு முடிந்தது. இத்தாலிக்காரர் அவள் கையிலிருந்த ஓட்டைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். அதை எடுத்து விரலில் மாட்டி, தூபம் போடுகிற மாதிரி மெல்ல ஆட்டிப் பார்த்தார். கொல்லைக்கு அந்தப்பக்கம் தெரிந்த கோயில் சிலுவையைப் பார்த்தார். கடைசியாக டாக்டர் பங்கிராஸைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கினதும் பங்கிராஸின் முதுகில் தட்டி, தணிந்த குரலில், பக்கத்தில் நின்ற அருள்ராணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி, இங்கிலீஷில் என்னவோ சொன்னார்.

பங்கிராஸின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆயிற்று.

"என்ன சொன்னாரு?" என்றாள் வியாகுலம்.

அருள்ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "'டாக்டர், எங்க ஊர்க் கோயிலுக்குப் பின்னாலயும் இப்படி ஒரு குழி இருக்கு'ன்னாரு அண்ணி."

கார்கள் கிளம்பிவிட்டன. கோழியை யாரும் கேட்கவில்லை. பங்கிராஸ் அக்கா முகத்தைப் பார்க்காமல் முன் ஸீட்டில் ஏறினார். மேஜை மேலிருந்ததை எடுத்துக்கொள்ளவும் மறந்தார்.

வியாகுலம் மறக்கவில்லை. ஓடுகளையும் சங்கிலியையும் முறத்தில் அள்ளிக்கொண்டு நேரே சாமியாரிடம் போனாள். பொழுது சாயும் முன்னே கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி, சாமியார் ஜெபம் சொல்ல, எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. விடிந்ததும் சேவுகன் கொல்லையில் இறங்கினான்.

"ஆத்தா, டாக்டர் ஐயா வந்து சத்தம் போட்டா?"

"அவன் கரையில ஒக்கார்ந்து ஓடு கழுவுன ஆளு. நீ வெட்டு."

டாக்டர் ஐயா இரண்டு வாரம் கழித்து ஜீப்பில் வந்தார். கிணற்றில் நாலு ஆள் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் பளபளத்தது. ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

"அக்கா, என்ன காரியம் செஞ்சே?"

"கெணறு வெட்டுனேன்."

"என் குழி?"

"அதுக்குள்ளதான் இருக்கு. எறங்கிப் பாக்குறியா? ரோமாபுரி வரைக்கும் போகலை, அதுக்குள்ள தண்ணி வந்துருச்சு."

"சாடி எங்க?"

"கல்லறையில. தோண்டணும்னா ஆயருகிட்ட எழுதி வாங்கிட்டு வா. அவரோட ஒண்ணா சாப்பிடுறவன்தானே நீ?"

மந்திரித்த மண்ணைத் தோண்டிக் கொடு என்று எந்த வாயால் ஆயரைக் கேட்பார்? கொஞ்ச நேரம் மண்ணைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார். பிறகு, வியாகுலத்துக்கு விளங்காத ஒரு நிம்மதி அவர் முகத்தில் வந்தது. "அப்ப சாடியை இனிமே யாரும் பார்க்க முடியாது. சரி," என்றார். "சரி அக்கா, நான் வாரேன்." ஜீப் போய்விட்டது.

அந்த நிம்மதி என்னவென்று அடுத்த வருஷம் பாஸ்காவுக்குத்தான் தெரிந்தது. அருள்ராணி தனியாக வந்தாள். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, அவங்க புரொபசர் ஆயிட்டாங்க."

வியாகுலம் தண்ணீர் இறைக்கிற கவலை மாட்டைப் பிடித்தபடி நின்றாள். "எப்படி? அந்த இத்தாலிக்காரரு ஒண்ணும் சொல்லலையா?"

"அவரு நல்ல மனுஷன். சிரிச்சதோட சரி. ஊருக்குப் போயிட்டாரு. ரிஜிஸ்திரார்தான் கமிட்டியில எடுத்துப் பேசுனாராம். 'நான் கண்ணால பார்த்தேன். வெள்ளைக்காரப் புரொபசர் அந்தச் சாடியைப் பார்த்ததும் எழுந்து நின்னு, தொப்பியைக் கழட்டி, ஆனந்தம் தாங்காம பாடியே விட்டாரு, கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த ஊர்ல பன்னீர் தெளிச்சு மரியாதை வேற செஞ்சாங்க. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?'னு கேட்டாராம்."

"பன்னீரா!"

"கல்வெட்டுக்காரரு எழுந்து, சாடியைக் காட்டச் சொல்லுங்கன்னாராம். அதுக்குத்தான் இவங்க..." அருள்ராணி நிறுத்தினாள்.

"சொல்லும்மா."

"'அந்தச் சான்று இப்ப இல்லை. படிப்பறிவு இல்லாத ஊர் ஜனங்க மூடநம்பிக்கையில அதை அழிச்சுட்டாங்க. தமிழ்நாட்டுச் சரித்திரத்துக்கே நஷ்டம்'னு சொல்லி, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்களாம். கமிட்டியில எல்லாருக்கும் மனசு கலங்கிப்போச்சாம். புரொபசர் பதவி ஏத்துக்கிட்டு முதல்ல பேசுன பேச்சும் அதைப் பத்தித்தான். நான் முன் வரிசையில உக்கார்ந்திருந்தேன்."

வியாகுலம் மாட்டைத் தட்டினாள். தோல் சால் ஏறி வந்து, தொட்டியில் தண்ணீர் சடசடவென்று கொட்டி, வாய்க்காலில் ஓடி, கடலைச் செடிக்குப் போனது. அது போய்ச் சேருகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரையும் சொன்னானா?"

"இல்லை அண்ணி. 'ஒரு கிராமத்துப் பெண்மணி'ன்னு மட்டும்தான் சொன்னாங்க."

"பெண்மணியா?" என்றாள் வியாகுலம். "அந்த மட்டுக்கும் மரியாதை தெரிஞ்சவன்தான். சரி, நீ கால் கழுவுனது போதும். அந்த மண்வெட்டியை எடுத்து மடையை இங்கிட்டுத் திருப்பு, அந்தப் பாத்தி நெறஞ்சு போச்சு."